பின்னால் வந்த அடுப்பு

காஜா பேராங் சந்தையில் கூடையை இறக்கியதும் சீதா ஒரு கட்டு முளைக்கீரையைத் தூக்கிக் காட்டினாள். தண்டு துவண்டு அவள் மணிக்கட்டின்மேல் விழுந்தது.

"அடுப்பப் பக்கத்துல வச்சிக்கிட்டு கீரைய ஏத்தினா எப்படிண்ணே? பாதி வெந்துதான் வருது. உப்பு போட்டா அப்படியே தட்டுல வச்சிடலாம்."

அவளோடு கீரை விற்க வந்த மற்ற மூன்று பெண்களும் சிரித்தார்கள். தேவதாஸ் சிரிக்கவில்லை. அவர்கள் வந்த வேன் அவனுடையது. அடுப்பும் அவனுடையது.

உலகச் சண்டை முடிந்து இரண்டு வருடமாகியும் பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைத்தது. கிடைத்தது பாதி மாதத்துக்குத்தான் காணும். அதனால் பின்சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கரியடுப்பு ஒன்றைப் பொருத்தியிருந்தான். மார்பளவு உயர இரும்பு உருளை. கரி கனன்று கிளப்பும் வாயு குழாய் வழியாக இஞ்சினுக்குப் போகும். பெட்ரோலில் கிளம்பி, பிறகு வாயுவுக்கு மாற்றுவான். மேட்டில் வாயு இழுக்காது, மறுபடி பெட்ரோல். செலவு குறைவுதான். ஆனால் அடுப்பு இரண்டு பேர் இடத்தைத் தின்றது. மீதி இடத்தை வேகவைத்தது.

அந்த வாரம் சாப்பாட்டுக் கடை ஜெய்னுலாப்தீன் கீரையைத் திருப்பி அனுப்பிவிட்டார். திங்கட்கிழமையும் இப்படியே வந்தால் தாங்கள் பஸ்ஸுக்குப் போய்விடுவதாகச் சீதா சொன்னாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தேவதாஸைப் பயமுறுத்தியது. அந்த நான்கு பேரை விட்டால் அவன் வேனில் ஏற ஆளில்லை.

கொல்லர் மருதமுத்துவிடம் போனான். கூரைமேல் வைத்தால் வளைவில் கவிழும் என்றார் அவர். பக்கவாட்டில் தொங்கவிட்டால் வண்டி சாயும். நாலு பேரையும் மறுபக்கமே உட்காரவைக்க வேண்டும். பின்கதவில் மாட்டினால் கூடை ஏற்ற வழியில்லை. கடைசியில் இரண்டு சக்கரம் வைத்த ஒரு சட்டத்தில் அடுப்பை ஏற்றி, வேனுக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுப்பது என்று முடிவானது.

"ஒன்னு கெடச்சா ஒன்னு போவும்," என்றார் மருதமுத்து. "இதுல எது போவுதுன்னு ஓட்டிப் பாத்துட்டு வந்து சொல்லு."

திங்கள் காலை புக்கிட் ரம்பாயில், தோட்டத்துச் சந்தில் பெண்கள் ஏறினார்கள். பின்சீட்டு பழைய இடத்துக்கு வந்திருந்தது. உள்ளே குளுமையாக இருந்தது. கமலவேணி காலை நீட்டிக்கொண்டாள்.

கீரைத் தோட்டத்தோடு அந்தச் சந்து முடிந்துவிடும். வேனைத் திருப்ப இடமில்லாததால் தினமும் தேவதாஸ் பின்னாலேயே ஓட்டி ரோட்டுக்கு வருவான். இன்றும் பின்னால் எடுத்தான். அடுப்புவண்டி மடங்கித் திரும்பி வேனையே முட்டியது. முன்னால் போய் மறுபடி எடுத்தான். அது வேறு பக்கம் மடங்கியது. குழாய் பிடுங்கிக்கொண்டு புகை கிளம்பியது.

ரோட்டில் பஸ் ஹார்ன் கேட்டது. கமலவேணி கூடையோடு இறங்கினாள்.

"சீதாக்கா, பஸ்ஸு."

தேவதாஸ் கொக்கியைக் கழற்றினான். சட்டத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. பெண்களின் பக்கம் திரும்ப அவனுக்குத் துணிவில்லை.

சீதா சீட்டிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூடையைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கி, முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"சுடாத எடமாக் காட்டுங்கண்ணே."

ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். கோயில் தேர்கூட இவ்வளவு கனக்காது என்றாள் ஒருத்தி. தேருக்கு இவ்வளவு கரி பூசமாட்டார்கள் என்றாள் கமலவேணி. அடுப்பு ரோட்டுக்கு உருண்டு வந்தபோது பஸ் அவர்களைத் தாண்டியது. கண்டக்டர் வேகத்தைக் குறைக்கச் சொல்லி எட்டிப் பார்த்தான். யாரும் கை காட்டவில்லை.

தேவதாஸ் பெட்ரோலில் வேனைப் பின்னால் ஓட்டி வந்து, கொக்கியை மாட்டி, குழாயை இறுக்கினான். தட்டையான ரோடு வந்ததும் வாயுவுக்கு மாற்றினான்.

சந்தையில் ஜெய்னுலாப்தீன் ஒரு தண்டை எடுத்து ஒடித்தார். படக்கென்று ஒடிந்தது. எல்லாக் கட்டுகளையும் தன் ஆளிடம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

சீதா காலிக் கூடையோடு வேனுக்கு வந்தாள். கன்னத்தில் கரி.

"நாளைக்கு என் தங்கச்சியும் வரேங்கிறா. எடம் இருக்கா?"

இடம் இருக்கிறது, ஆனால் தினமும் இப்படித்தான் தள்ள வேண்டியிருக்கும் என்றான் தேவதாஸ்.

"அதுக்குத்தான் அவளக் கூட்டிட்டு வரேன்," என்றாள் சீதா.

மத்தியானம் அவன் மருதமுத்துவிடம் போய், அடுப்புவண்டியின் சட்டத்தில் ஐந்து மரப்பிடி வைக்கச் சொன்னான்.