உலர்வளிக் குழாய்

கீழ்வானம் வெளுத்து, கடலின்மேல் கவிந்திருந்த மூடுபனி மெல்லக் கலைந்து, கரையோரத்து உப்புக் காற்று கம்பி வேலிகளையும் கதவுத் தாழ்களையும் வழக்கம்போல் அரிக்கத் தொடங்கிய காலைப் பொழுதில், அலையிலிருந்து கூப்பிடு தொலைவில் நின்ற அந்தத் தொழிற்சாலை விழித்துக்கொண்டது. கடல்நீரை உறிஞ்சி, அதன் உப்பைப் பிரித்து, குளோரின் என்னும் நச்சுவளியை ஆக்கித் தருவது அதன் தொழில். நீரும் அரிக்கும், வளியும் அரிக்கும். ஆகவே எந்தக் குழாயை இரும்பால் செய்வது, எதனைச் செம்பால் செய்வது, எதற்கு வேறு மாழை, அதாவது வேறு உலோகம், தேடுவது என்று தேர்ந்து சொல்வதற்கென்றே அங்கு ஒரு பெண் இருந்தாள். மருமகன் தேடும் மாமியார்கூட, நண்பரே, அவளைப்போல் துருவித் துருவிக் குறை பார்க்கமாட்டாள்.

ஆண்டுதோறும் துருவேறிப் பொத்துப்போன கடல்நீர்க் குழாய்களை அகற்றி, டைட்டானியம் என்னும் இளஞ்சாம்பல் நிற மாழையை அவள் இடச் செய்தபின், கடல் எவ்வளவு முட்டியும் அதில் ஒரு கீறல்கூட விழவில்லை. பாராட்டுக் கூட்டத்தில் களிப்பு மிகுந்து, "இனிமே நமக்கு இரும்பே வேணாம்!" என்று ஒரு சொல் சொன்னாள், சொல்லிவிட்டு மகப்பேற்று விடுப்பில் வீடு சென்றாள். அச்சொல்லைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவன் குழாய் பொருத்துவோரின் தலைவன். அவள் கணவனின் உடன்பிறந்த தம்பி. இரும்பைக் கழற்றிக் கழற்றியே தோள் தேய்ந்தவன் அவன் என்பதால், அவனைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

விடுப்பு முடிந்து அவள் திரும்பிய அன்று, வாயிலிலேயே காத்திருந்து, மூச்சுவிடாமல் பேசியபடி அவளை உள்ளே அழைத்துச் சென்றான் அவன். வளியின் ஈரத்தை உறிஞ்சும் கோபுரத்தைத் தாண்டி, உலர்ந்த வளி செல்லும் பழைய இரும்புக் குழாய் இருந்த இடத்தில், புத்தம் புதிய டைட்டானியக் குழாய் பளபளத்தது.

"எப்படி அண்ணி? ஒவ்வொரு பத்தவைப்பும் நானே செஞ்சது. இன்னும் கொஞ்ச நேரத்துல வளியைத் திறக்கப் போறோம். திறப்பு என் கையாலதான்."

அவள் அவனுக்கும் குழாய்க்கும் இடையே வந்து நின்றாள்.

"தம்பி, திறக்காதீங்க. யாரும் அந்தப் பக்கம் போகவேணாம்."

"ஏன் அண்ணி? நீங்கதானே இரும்பே வேணாம்னு சொன்னீங்க?"

"சொன்னேன். யோசிக்காம சொல்லிட்டேன். இங்க இரும்புதான் சரி."

அவன் முகம் சுருங்கியது. உழைப்பெல்லாம் வீணென்று ஒரே சொல்லில் கேட்பவன் வேறென்ன செய்வான்? "அண்ணிக்கு உடம்பு இன்னும் தேறலை போல" என்று அருகிருந்தவனிடம் முணுமுணுத்தான். அவள் சினக்கவில்லை. குழாய் அறுத்தபோது சிந்திய சீவல் ஒன்றைப் பொறுக்கி, ஆய்வறைக்கு அவனையும் ஆலைத் தலைவரையும் அழைத்துச் சென்று, தடித்த கண்ணாடித் தடுப்புக்குப் பின்னே ஒரு சிறு குழலில் அதனை இட்டு, உலர்ந்த வளியைச் செலுத்தினாள். நொடிப்பொழுதில் சீவல் கண்கூச எரிந்தது. குழலின் வாயில் வெண்புகை சுருண்டது.

"ஈரம் இருந்தா இது தன்மேல ஒரு தோலைப் போர்த்திக்கும், அதுதான் காப்பு. ஈரமே இல்லாத வளியில அந்தத் தோல் நிக்காது. இரும்பை அரிக்க ஈரம் வேணும், இங்க அது இல்லாததால இரும்புக்குக் கவலை இல்ல."

அவன் நாற்காலியைத் தேடி அமர்ந்தான். அவளோ தொழிலாளர் அனைவரையும் முற்றத்தில் கூட்டி, "இது என் தப்பு. நான் சொன்ன சொல்லால வந்தது. அவர்மேல ஒரு குத்தமும் இல்ல" என்று சொன்னாள். "யானைக்கும் அடி சறுக்கும்மா" என்றார் ஆலைத் தலைவர். ஆயினும் பின்வரிசையில் சிலர் சிரித்தது அவள் காதில் விழாமலில்லை. தான் அழகுறப் பொருத்திய குழாயைத் தன் கையாலேயே கழற்றத் தொடங்கிய கொழுந்தன், மாலைவரை அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவன் வெறுத்துவிட்டானோ என்று அவள் உள்ளம் நொந்தது.

அந்தி சாய்ந்தபின் வீட்டுக்கு வந்தவன், அடுக்களையில் அவள் நிற்பது தெரிந்தும் தெரியாதவன்போல், தொட்டிலிலிருந்த குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான்.

"உங்கம்மா இன்னைக்கு எல்லார் முன்னாடியும் தலை குனிஞ்சாங்கடி, குட்டி. அதனாலதான் உனக்குச் சித்தப்பான்னு ஒருத்தன் மிச்சம்."

கரண்டி பிடித்த கை அப்படியே நிற்க, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். எல்லா இடத்துக்கும் பொருந்தும் மாழை இவ்வுலகில் இல்லை, நண்பரே; எப்போதும் பிழையாத அறிவும் இல்லை. பிழையாகச் சொன்ன சொல்லை உரிய வேளையில் மீட்டுக்கொள்ளும் மனம் வாய்த்தவர் வீட்டில், இரவு உணவுக்கு எல்லோரும் வந்து சேர்கிறார்கள்.