பதினைந்து நிமிடப் பந்தி

கொசுப்பண்ணையில் வேலை பார்த்த அவருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் கொசு மாமா. அங்கே வளரும் கொசுக்களின் உடம்பில் ஒரு நுண்ணுயிர் உண்டு. பழ ஈக்களிடம் இயற்கையாகவே இருப்பதுதான். அது கொசுவுக்குள் குடியேறிவிட்டால் டெங்குக் காய்ச்சல் கிருமியின் ஜம்பம் அங்கே பலிக்காது. ஆனால் முட்டையிட அந்த மகராசிகளுக்கு ரத்தம் வேண்டுமே! வாரம் இரண்டு தடவை மாமா கூண்டுக்குள் கையை நீட்டிப் பதினைந்து நிமிடம் பந்தி வைப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவ, இவர் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"ஏன் மாமா, அரிக்காதா?" என்றாள் கூண்டு கழுவும் பெண்.

"அரிக்கத்தான் செய்யும். வேற யாரும்மா என்னைப் பார்த்ததும் இப்படி ஓடி வர்றாங்க?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

ஊர்க் கொசுக்களோடு கலந்து காய்ச்சலைக் குறைக்கட்டும் என்று, வெள்ளிக்கிழமை அந்தக் கொசுக்களை அவருடைய தெருவிலேயே திறந்துவிட்டார்கள். மாலையில் வீடு திரும்பியவர், எட்டு மாதத்துக்கு முன் இறந்துபோன மனைவி மாட்டி வைத்த கொசுவிரட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கினார். ஜன்னலைத் திறந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து ஒன்று வந்து அவர் கையில் அமர்ந்தது. அவர் அசையவில்லை. அது வயிறு சிவந்து எழும்பும்போது மெல்லக் கேட்டார்.

"சாப்பிட்டியா?"

எட்டு மாதமாக அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி.