எந்தக் கணுவில்

காலையில் அவர் மனைவிக்குக் கரண்டியால் பால் புகட்டிக்கொண்டிருந்தபோது மூலையிலிருந்த செடியின் ஐந்தாவது இலையும் விழுந்தது. முறம் அகல இலை. விழுந்த சத்தத்துக்கு அவள் தலையைத் திருப்ப, கடைவாயில் பால் வழிந்தது.

"நாளைக்கு," என்றாள்.

பக்கவாதம் வந்து நான்கு மாதமாகிறது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் அந்த ஒரு சொல்தான் மிச்சம். பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். அவர் லிஃப்ட் மெக்கானிக். 'லிஃப்ட் நின்னாலும் நிக்கும், எங்க வீட்டம்மா வாய் நிக்காது' என்று வேலையிடத்தில் சொல்லிச் சிரித்தவர். இப்போது அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

செடி அவளுடையது. இரண்டே இலையோடு வாங்கி வந்து, கூடத்து மூலையில் தொட்டியில் வைத்து, கம்பு நட்டு, பதினொரு வருஷமாகக் கட்டிக் கட்டிக் கூரைவரை ஏற்றியிருந்தாள். ஓட்டை ஓட்டையான அந்தப் பெரிய இலைகளை ஞாயிறுதோறும் ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பாள். "பிள்ளைக்கு முகம் கழுவியாச்சா?" என்று கேலி செய்வாரே தவிர, அவர் கிட்டே போனதில்லை.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் கட்டிலைக் கூடத்திலேயே போட்டார். தினமும் காலையில் செடிக்கு ஒரு குடம் தண்ணீர். ஊற்றும்போதெல்லாம் அவள் இடது கையைத் தூக்கி, "நாளைக்கு! நாளைக்கு!" என்று கத்துவாள். போதவில்லை என்கிறாளாக்கும் என்று இன்னொரு குடம் ஊற்றுவார். இலைகள் மஞ்சளித்தன. ஜன்னலோரம் நகர்த்தினார், அழுதாள். திரும்பவும் மூலைக்கே தள்ளினார், அப்போதும் அழுதாள். மோட்டார் போடும் சத்தத்திலிருந்தே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அன்று நர்சரிக்காரரைக் கையோடு கூட்டி வந்தார். வந்தவர் தொட்டி மண்ணுக்குள் விரலை விட்டு, எடுத்து முகர்ந்தார்.

"வேர் அழுகிப்போச்சு சார். இதுக்கு வாரத்துக்கு ஒரு தடவை ஊத்தினாலே ஜாஸ்தி. யாரு இவ்வளவு ஊத்தினது?"

அவர் திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். அப்படியானால் அவள் கத்தியது நிஜமாகவே அதுதானா? இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்றா? இல்லை, வேறெதையோ சொல்லப்போய் வாயில் வந்ததா? கேட்டாலும் அதே சொல்தான் வரும்.

"நான்தான்மா. தெரியாம ஊத்திட்டேன்," என்றார்.

அவள் கண் கொட்டாமல் செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல நல்ல கணுவாப் பாத்து வெட்டி, புது மண்ணுல வெச்சுப் பாக்கலாம்," என்றார் நர்சரிக்காரர். "கீழ வெட்டினா அழுகல் கூடவே வந்துடும். ரொம்ப மேல போனா வேர் பிடிக்காது. பிழைக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. எங்க வெட்டட்டும்?"

"அவளக் கேக்கணும்."

நர்சரிக்காரர் கட்டிலை ஒரு தரம் பார்த்தார். கத்தியைத் துடைக்கத் தொடங்கினார்.

அவரோ ஸ்டூலில் ஏறினார். உச்சியிலிருந்து தண்டின் மேல் கட்டைவிரலை வைத்து, கணுக் கணுவாக இறக்கிக்கொண்டே வந்தார். "இங்கயா? இங்கயாம்மா?" ஒவ்வொன்றுக்கும் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். இடது கை போர்வைமேல் அசையாமல் கிடந்தது.

ஏழாவது கணுவில் அவள் கண்களை மூடினாள்.

சரி என்கிறாளா, பார்க்கச் சகிக்கவில்லையா, களைத்துவிட்டாளா? விரலை எடுக்காமல், அந்த இமைகள் திறக்கட்டும் என்று அவர் ஸ்டூல்மேலேயே நின்றார்.