எழுபத்து நான்காம் பக்கத்துக் கேள்விக்குறி

நாலு மணிக்கு அச்சுக்குப் போக வேண்டிய புத்தகம். மணி மூன்றேகால். பிழை திருத்துகிறவள் எழுபத்து நான்காம் பக்கத்தைத் தாண்ட முடியாமல் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

எழுதியவன் அவளுடைய சொந்தத் தம்பி. மனநோயோடு தான் பட்ட பாட்டை ஒளிவு மறைவில்லாமல் எழுதியிருந்தான். காதில் கேட்ட குரல்கள், மாத்திரை தின்று ஊதிய முகம், வேலைக்குப் போன இடத்தில் வாங்கிய கேலி, ஒன்றையும் விடவில்லை. "உங்க தம்பி பின்னிட்டாரு மேடம்!" என்றார் பதிப்பக முதலாளி. அவளும் சிரித்து வைத்தாள். 

அந்தப் பக்கத்தில் இருந்தது இதுதான். 'அம்மா என்னை மூன்று நாள் அறைக்குள் அடைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டாள். அக்கா கதவுக்கு வெளியே உட்கார்ந்து, திறந்து விடு, அவன் பாவம் என்று அழுதுகொண்டே இருந்தாள். அந்த அழுகைதான் என்னை உயிரோடு வைத்திருந்தது.'

அத்தனையும் தலைகீழ். தாழ்ப்பாள் போட்டவள் அக்கா. அழுதவள் அம்மா.

அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே குரல். போனில் பேசினால் சொந்தக்காரர்களே ஏமாந்துபோவார்கள். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தவன், சாப்பாட்டுத் தட்டை உள்ளே தள்ளிய கையைக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு முந்தின வாரம் இரண்டு தடவை நடுரோட்டில் லாரிக்கு முன்னால் போய் நின்றவன் அவன். அவனைக் காவல் காத்து அக்கா மூன்று ராத்திரி கண் மூடவில்லை. மறுநாள் இதே பதிப்பகத்தில் வேலைக்கான நேர்காணல். ஒரு ராத்திரி தூங்கினால் போதும் என்றுதான் தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டி, அம்மா திறந்துவிடாதபடி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு ராத்திரி மூன்று நாளானது. வேலை கிடைத்தது.

குணமானதும் தம்பி தனியாக அறை எடுத்துப் போய்விட்டான். பதினோரு வருஷமாக அம்மாவின் முகத்தில் விழிக்கவில்லை. உண்மையைச் சொல்லப் போன மகளை அம்மாதான் தடுத்தாள். "சொல்லித் தொலைக்காதே. உன்னையாவது அவன் நம்பட்டும். அவனுக்கு ஒரு ஆள் வேணும்." மகளும் வாயை மூடிக்கொண்டாள். இப்போது அம்மாவுக்கு மறதி நோய். தாழ்ப்பாளும் மறந்துவிட்டது, பெற்ற பிள்ளையும் மறந்துவிட்டான். இனி இந்தப் புத்தகம் சொல்வதுதான் அம்மாவைப் பற்றிய உண்மையாக நிற்கும்.

பதிப்பகத்தில் ஒரு சட்டம் உண்டு. எழுதியவர் சொன்ன தகவலில் கை வைக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அவரிடமே கேட்க வேண்டும். முதல் புரூஃபில், அடுத்ததில் போடலாம் என்று விட்டாள். இரண்டாவதிலும் அதே சாக்கு. காற்புள்ளி தப்பினால் ஊரைக் கூட்டுகிறவள், இதை மட்டும் மென்று விழுங்கினாள். பெரிய நேர்மைக்காரி!

பயம் வேறொன்றுமில்லை. தூக்கம் கெட்டால் அவனுக்கு நோய் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைவிடப் பெரிய பயம், அவன் தன்னை வெறுத்துவிடுவானே என்பது. இன்னொரு அறை எடுத்து இன்னும் தூரமாகப் போய்விட்டால்?

கடைசிப் புரூஃபில் ஒப்புதல் கையெழுத்துப் போட வரும் தம்பியின் செருப்புச் சத்தம் படியில் கேட்டது. அவசரமாக ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். அது கோணலாக விழுந்தது.

தம்பி உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டான். எழுபத்து நாலில் நின்றான்.

"என்னக்கா, எழுத்துப் பிழையா?"

"இல்லடா. தகவல் பிழை."

"என் கதையில எனக்கே தகவல் பிழையா? நல்லா இருக்கே!" சிரித்தான்.

"தாழ்ப்பாள் போட்டது நான்தான்டா."

சிரிப்பு அப்படியே நின்றது. அச்சுக்கூடத்து போர்மேன் தலையை நீட்டினார். "மேடம், மெஷின் சும்மா நிக்குது." அவள் கையைக் காட்டி அவரை அனுப்பினாள்.

தம்பி விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு மூச்சு விட்டான். படபடப்பு வந்தால் அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பத்து விரலும் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தபோது அவளுக்கு உயிரே போனது.

"அப்போ அழுதது?"

"அம்மா."

"மூணு நாளுமா?"

"மூணு நாளும். அந்த இடத்தை விட்டு எந்திரிக்கல."

"ஏன்க்கா சொல்லல?"

"அம்மா வேணாம்னா. அப்புறம்..." பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. "அப்புறம் எனக்கும் அது வசதியாப் போச்சு."

அவன் மேஜையை ஓங்கித் தட்டினான். டீ கிளாஸ் உருண்டு கீழே விழுந்தது. "பெத்தவ செத்தாலும் வரமாட்டேன்னு உன்கிட்டதானே சொன்னேன். கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தியே, பாவி!"

அவள் குனிந்து கிளாஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

அவளுடைய பேனாவைப் பிடுங்கி 'அம்மா'வை அடித்து மேலே 'அக்கா' என்று எழுதினான். 'அக்கா'வை அடித்து 'அம்மா' என்று எழுதினான். கையெழுத்துப் போட்டான்.

"இப்போ போனா என்னைத் தெரியுமா அவளுக்கு?"

"தெரியாதுடா."

அவன் எழுந்தான். அவளும் பையை எடுத்தாள்.

"நீ வராதே. இன்னைக்கு உன் மூஞ்சியைப் பார்க்க முடியாது என்னால." தடதடவென்று படியிறங்கிப் போனான்.

பக்கங்களை போர்மேனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு போன் போட்டாள். நாலு வருஷமாகப் பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண்தான் எடுத்தாள்.

"அம்மாவுக்குத் தலை சீவி, நல்ல புடவை கட்டி உட்கார வைம்மா. என் தம்பி வரான்."

"தம்பியா? உங்களுக்குத் தம்பி இருக்காராக்கா?"