விசில் உரிமை

காவலாளிகள் சங்கம் அவசரமாகக் கூடியது. பொருள் ஒன்றுதான்: செயலாளர் நெட்டையனின் விரை வீக்கம்.

நெட்டையனுக்குக் கிடங்கு வாசலில் வேலை. வலி சுருக்கென்று ஏறும்போது கழுத்தில் தொங்கும் விசிலைப் பல்லால் கடித்துக்கொள்வான். ஊத மாட்டான்.

டாக்டரம்மா சொன்னது அவனுக்குப் புரிந்துவிட்டது; சங்கத்தில் வந்து அப்படியே சொல்லியும்விட்டான். வினையே அதுதான்.

"உடம்போட காவல்காரங்க சின்ன வயசுலயே எல்லார் முகத்தையும் பார்த்து வச்சுக்கறாங்க. விந்தணு அதுக்கப்புறம்தான் பிறக்குது. அதை அவங்க பார்த்ததே இல்ல. விரைக்குள்ள ஒரு மதில் இருக்கு, அதுக்குள்ள இருக்கற வரைக்கும் வம்பில்ல. உங்களுக்கு மதில் விரிஞ்சிருச்சு. எவனோ ஒரு காவல் செல் எட்டிப் பார்த்து, அந்நியன்னு நெனச்சு சைட்டோகைன்ங்கற ரசாயனத்தை விட்டிருக்கான். அது விசில் மாதிரி. கேட்டவன் எல்லாம் ஓடிவந்து தானும் ஊதுவான். திருடன் யாருன்னு ஒருத்தனும் பார்க்க மாட்டான்."

"நீங்க எழுதின ஊசி என்ன பண்ணும்?"

"விசிலைப் பிடுங்கி வைக்கும். தள்ளிப்போட்டீங்கன்னா குழந்தைக்கு வழியில்ல."

அங்கேதான் இடித்தது. விசில் ஊத மேலாளரின் அனுமதி வேண்டும் என்ற விதியை எதிர்த்து, வெயிலில் உட்கார்ந்து ஜெயித்த சங்கம் அது. முழக்கம் எழுதியவனே நெட்டையன்.

"காவல் பார்க்கற எவனும் நம்ம ஆளு," என்றார் தலைவர். கூட்டம் என்பதால் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். "வெளிய விசிலுக்குப் போராடிட்டு உள்ள ஊசி போட்டு அடக்கினா ஊர் சிரிக்காதா?"

"செல்லு நம்ம சங்கத்துல உறுப்பினராண்ணே?" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

"சேர்த்துக்கலாம். உனக்கென்ன?"

நெட்டையனின் மனைவி கதவோரம் நின்றாள். கையில் பிளாஸ்க். உள்ளே ஐஸ், ஐஸுக்குள் ஊசி.

"அண்ணே, ஐஸ் உருகுது."

"பொறும்மா. கொள்கைப் பிரச்சனை."

"உங்க கொள்கையைத் தொட்டில்ல போட்டு ஆட்ட முடியுமாண்ணே?"

ஊசிக்குச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். பாதிப் பேர் தூக்கினார்கள், பாதிப் பேர் தூக்கவில்லை.

"நெட்டையா, நீயே சொல்லுப்பா," என்றார் தலைவர்.

அவன் மனைவியைப் பார்த்தான். பிளாஸ்க்கைப் பார்த்தான். எழுந்தான். பாதி எழுந்தபோதே வலி அடிவயிறு வரை ஏறியது. வழக்கம்போல விசிலைக் கடித்தான். இந்த முறை மூச்சு அடங்கவில்லை. விசில் ஒலித்துவிட்டது.

வாசலில் காவலுக்கு நின்றவர்கள் கேட்டார்கள். அவர்களும் ஊதினார்கள். ஊதிக்கொண்டே உள்ளே பாய்ந்தார்கள். கூட்டத்தில் இருந்தவர்களுக்கும் கை சும்மா இருக்கவில்லை, ஆளாளுக்கு ஊதினார்கள். விசில் கேட்டால் முதலில் பிடி, பிறகு கேள் என்பது தொழில்.

வாசல்காரர்கள் கண்ணில் பட்டது நடுநாயகமாக உட்கார்ந்திருந்த ஒரு வழுக்கைத் தலை. தொப்பியோடுதான் அவரை அவர்களுக்குத் தெரியும். அந்த வழுக்கையை அவர்கள் பார்த்ததே இல்லை.

"டேய், நான்டா, தலைவர்டா," என்றது குவியலின் அடியிலிருந்து ஒரு குரல். விசில் சத்தத்தில் எடுபடவில்லை. மேலும் இரண்டு பேர் விழுந்தார்கள்.

"நெட்டையா," என்றது குரல், கொஞ்சம் மெலிந்து. "ஊசியைப் போட்டுக்கோடா."

அவள் பிளாஸ்க்கைத் திறந்தாள். ஐஸ் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"சட்டையைத் தூக்குங்க," என்றாள்.