பதினோரு தப்படி

நெயோரியைப் புதைத்த நாற்பத்திரண்டாம் நாள் துப்பாக்கி திரும்பி வந்தது. டவுனிலிருந்து வந்த போலீஸ்காரர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. சாக்கில் சுற்றிய ரெட்டைக்குழல் துப்பாக்கியை ஜன்னல் வழியாக நீட்டினார். கூடவே ஒரு காகிதப் பை. உள்ளே ஐந்து தோட்டாக்கள்.

"கேஸ் முடிஞ்சுது பெரியவரே. விபத்துன்னு எழுதியாச்சு. குண்டு வெலகிப் போயிருக்கு. வீட்ல கட்டின தோட்டா, வேற என்னன்னு எழுதறது? இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

ஒலீவியோ போட்டார்.

"இனிமே இந்த வேலை வேண்டாம். கடையில வாங்கிக்கச் சொல்லுங்க எல்லாரையும். சரிதானே?"

"சரிங்க."

ஜீப் போன பிறகும் அவர் வாசலில் அப்படியே நின்றார். வேலிக்கு அப்பால், பைன் மரங்களுக்குக் கீழே, மகள் சலேத்தியின் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. நெயோரி அவள் புருஷன். ஒலீவியோ கட்டிய தோட்டாவால், ஒலீவியோவின் துப்பாக்கியால், ஒலீவியோவின் மகன் ஜாந்திர் சுட்டு இறந்தவன்.

ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை. பாதிச் சோளக்காட்டைக் காட்டுப்பன்றிகள் உழுதது போலப் புரட்டிப் போட்டிருந்தன. ஜாந்திர், நெயோரி, பக்கத்துப் பண்ணை அர்லிந்தோ, மூன்று பேரும் விடியலிலேயே காவலுக்குப் போனார்கள். மூன்று மணி நேரம் கழித்து ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது. கால்வாய் வளைவில் பன்றி வந்தது, அதைப் பார்த்துத்தான் சுட்டேன், குண்டு இடப்பக்கம் விலகிப்போய் நெயோரி மேல் பட்டுவிட்டது என்று ஜாந்திர் சொன்னான். போலீஸ்காரரிடம் சொன்னான், பாதிரியாரிடம் சொன்னான், தங்கையிடமும் சொன்னான்.

சவத்தைக் கிடத்தியிருந்த வீட்டில் யாரோ மெதுவாகக் கேட்டார்கள், "தோட்டா யார் கட்டினது?"  எல்லோரும் ஒலீவியோவைப் பார்த்தார்கள்.

ஏழாம் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் அவர் மகளை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். சலேத்தி குழந்தை தயானியின் முகத்தைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டு அவரைக் கடந்து போனாள். சாவு விழுந்ததிலிருந்தே பேச்சில்லை. கடைத்தெருவில் இன்னொரு நாள் அவர் கடைக்குள் நுழையும்போது ஒருத்தன் சொல்லிக்கொண்டிருந்தான், "ஒலீவியோ குண்டு மூலை திரும்பிப் போகுமாம்ல, பாத்து உக்காருங்கடா." சிரிப்பு பாதியில் நின்றது. அவர் உப்பு வாங்க வந்தவர், உப்பு வாங்காமலே திரும்பினார்.

பதினெட்டு வருஷமாக நாலு ஊர்க்காரர்கள் அவரிடம்தான் தோட்டா கட்டிக்கொண்டு போனார்கள். பழைய தொலைபேசி வடத்தின் ஈய உறையை உருக்குவார். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும், அவ்வளவு மிருதுவான ஈயம். அச்சில் வார்த்து, மூக்கை அரத்தால் ராவி, கண்ணாடித் தகட்டில் உருட்டிப் பார்ப்பார். தள்ளாடி உருண்டால் திரும்பவும் சட்டிக்குள். பிறகு தராசு. எடை ஒரு பொடி குறைந்தாலும் உள்ளே காற்று இருக்கிறது என்று அர்த்தம். வெடிமருந்தை அளந்து கொட்டி, அட்டை வில்லை, இரண்டு கம்பளித் தக்கை, ஒரு கரண்டி மரத்தூள், அதன் மேல் குண்டை உட்கார வைத்து விளிம்பை மடிப்பார்.

ஆனால் அந்த வாரம் மாடு கன்று போட்டது. வேலை நடுவில் இரண்டு தடவை எழுந்து ஓட வேண்டியிருந்தது. அப்படி எழுந்தபோது எடை பார்க்காத குண்டு ஒன்று நல்ல குண்டுகளோடு கலந்திருக்கும் என்று அவர் முடிவு செய்துவிட்டார். நாற்பது நாளும் அதையே நினைத்து நினைத்து, கடைசியில் தன் கை அந்தக் குண்டைத் தவறான டப்பாவில் போடுவது கண்ணுக்கே தெரிய ஆரம்பித்தது.

மறுநாள் காலை பனி உருகியதும் ஐந்து தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனார். மண்மேட்டில் ஒரு பலகையைச் சாய்த்து அதன் நடுவில் கரியால் வட்டம் போட்டார். அங்கிருந்து நாற்பது தப்படி எண்ணி நடந்தார். அங்கே கிடந்த மேஜைமேல் சோள மூட்டையை வைத்து அதன்மேல் குழலைப் படுக்க வைத்தார். தன் தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்தில் ஒன்றாவது கோணலாகப் போகும். போனால், ஒருத்தன் செத்ததற்குக் காரணம் இதுதான் என்று கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

முதல் குண்டு வட்டத்தின் விளிம்பில் விழுந்தது. இரண்டாவது அதற்கு இரண்டு விரல் தள்ளி. மூன்றாவதும் இரண்டாவதும் ஒரே ஓட்டையாகிவிட்டன. நான்காவது அவற்றை ஒட்டியே விழுந்தது. ஐந்தாவதைச் சுட்டுவிட்டுப் பலகைக்குப் போகாமல் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தார். இங்கிருந்தே தெரிந்தது. போய்க் கையை வைத்துப் பார்த்தார். எல்லா ஓட்டைகளும் உள்ளங்கைக்குள் மறைந்துவிட்டன.

வேறொரு சமயமாக இருந்தால் இந்தப் பலகையைக் கடைத்தெருவுக்கே தூக்கிக்கொண்டு போயிருப்பார்.

கையை எடுக்காமல் நின்றார். அந்த ஒரு தோட்டாதான் கெட்டது, மிச்சமெல்லாம் நல்லது, அப்படியும் இருக்கலாம் இல்லையா? உள்ளே போய் அடுப்பை மூட்டினார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, வேண்டுமென்றே கெட்ட குண்டு வார்த்தார். அச்சைச் சூடாக்காமல், ஈயம் சரியாக உருகுவதற்கு முன்பே ஊற்றினார். சுருக்கம் விழுந்து, ஓட்டை விழுந்து, சொத்தைப்பல் மாதிரி வந்தன. அதிலும் எடை குறைந்தவையாகப் பொறுக்கினார். தக்கையைக் குறைத்தார், மரத்தூளே போடவில்லை.

முதல் சொத்தை ஒரு சாண் விலகியது. இரண்டாவது ஒன்றரைச் சாண் கீழே இறங்கியது. ஒரு குண்டை உளியால் வெட்டிக் கால்வாசியைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சுட்டார். அது ஒரு முழம் இடப்பக்கம் போய் பலகையின் ஓரத்தைப் பிய்த்தது.

ஒரு முழம். அதற்கு மேல் இல்லை.

வெடிச்சத்தம் கேட்டு அர்லிந்தோ வேலியைத் தாண்டி ஓடி வந்தார். ஜாந்திருக்கு ஞானஸ்நானத் தகப்பன் அவர். அதனால் இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"உனக்கென்ன பைத்தியமா கொம்பாத்ரே? எதிர்வீட்ல தாலியறுத்த பொண்ணு உக்காந்திருக்கா. நீ இங்க பட்டாசு வெடிக்கிற!"

ஒலீவியோ பலகையைக் காட்டினார். அர்லிந்தோ கிட்டே போய்க் குனிந்தார். விரலால் ஒவ்வொரு ஓட்டையாகத் தொட்டார். தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டினார்.

"கால்வாய் வளைவுக்கும் நெயோரி நின்ன இடத்துக்கும் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார் ஒலீவியோ.

"எனக்கென்ன தெரியும்?"

"நீ அங்கதானே இருந்த."

அர்லிந்தோ பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பதினோரு தப்படி. அன்னைக்கே நடந்து பாத்தேன்."

"பன்றித் தடம்?"

"சேறுதான் கெடந்துச்சு அங்க. ஈரச் சேறு. ஒரு குளம்பு கூடப் பதியல."

"நாப்பது நாளா என்கிட்ட சொல்லல நீ."

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். தெரிஞ்சுதான் வாயை மூடிட்டு சுமக்கிறன்னு நெனச்சேன் கொம்பாத்ரே." குரலைத் தாழ்த்தினார். "தெரிஞ்சு என்ன பண்ணப் போற? ஒரு வீட்ல செத்தவன் ஒருத்தன் போதும். இந்தப் பலகையை எரிச்சிடு."

சாயங்காலம் பால் கறக்கும் நேரத்தில் ஒலீவியோ மாட்டுக்கொட்டகைக்குப் போனார். ஜாந்திர் முக்காலியில் உட்கார்ந்து மாட்டின் வயிற்றில் நெற்றியை முட்டிக்கொண்டு கறந்துகொண்டிருந்தான். இருபத்தேழு வயது, நல்ல உழைப்பாளி. இந்த நாற்பது நாளும் தங்கை வீட்டு வேலையையும் அவன்தான் இழுத்துப்போட்டுச் செய்தான்.

"பன்றி எங்க நின்னுச்சு?"

"சொன்னேனேப்பா. வளைவுல."

"இன்னைக்கு எட்டு குண்டு சுட்டுப் பாத்தேன். வெட்டின குண்டு கூட ஒரு முழந்தான் வெலகுது."

பால் வாளியில் விழும் சத்தம் நின்றது. அவன் நெற்றியை எடுக்கவில்லை. மாடு வாலைச் சுழற்றியது.

"பன்றியே வரலப்பா."

ஒலீவியோ இன்னும் ஓர் அடி கிட்டே போனார்.

"மூணு மணி நேரம். குளிர்ல வெறச்சுப்போய் நின்னேன். ஒரு மயிரும் வரல. திடீர்னு சோளத்தட்டை அசைஞ்சுது. கை தானா எழும்பிடுச்சு."

"அவன் அங்கதான் நிக்கிறான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நான்தான் அங்க நிறுத்தினேன்." இப்போது திரும்பிப் பார்த்தான். "அந்த நிமிஷம் தெரியலப்பா. அவ்வளவுதான். அந்த நிமிஷம் தெரியல."

"அப்ப குண்டு வெலகுச்சுன்னு ஏன் சொன்ன?"

"மொதல்ல நான் சொல்லல. போலீஸ்காரர்தான் கேட்டார், வீட்ல கட்டின குண்டா, வெலகியிருக்குமோன்னு. ஆமான்னேன். ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னதும் எல்லாரும் விட்டுட்டாங்க. அப்புறம் எப்படி இல்லைன்னு சொல்றது?"

 வாளியை நகர்த்தி வைத்துவிட்டு ஜாந்திர்தான் மறுபடி ஆரம்பித்தான். அழுகிறானோ என்று பார்த்தார். அழவில்லை. விதைக்கும் கணக்கைப் பேசுகிற மாதிரி நிதானமாகப் பேசினான்.

"நீங்க அவளுக்கு அப்பா. ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, ஒருநாள் பேசிடுவா. நான்தான்னு தெரிஞ்சா சாகறவரைக்கும் என் மூஞ்சில முழிக்கமாட்டா. அப்ப அந்த நிலத்தை யாரு உழறது? உங்க முட்டிய வச்சுக்கிட்டு நீங்களா? அந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா?"

 அவன் சொன்னதில் தப்பு எங்கே என்று ஒலீவியோவுக்குத் தெரிந்தது. மகன் தன்னைப் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்பான் என்று இவ்வளவு நேரம் நின்றுகொண்டிருந்தோம் என்பதும் உறைத்தது. கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார்.

மூன்று நாள் அடுப்புத் தகட்டில் வறுக்கப் போட்ட பைன் கொட்டைகள் கருகுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாத்தே இலைக் கஷாயம் ஊற்றிய சுரைக்குடுக்கை கையிலேயே ஆறிப் போனது. நான்காம் நாள் சட்டையை மாற்றிக்கொண்டு மகள் வீட்டுக்கு நடந்தார். சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தார். உண்மை அவளுக்குச் சொந்தம், அதை வைத்துக்கொள்ள நான் யார் என்று வழியெல்லாம் தனக்குள் சொல்லிக்கொண்டே போனார்.

கூரைமேல் ஜாந்திர் இருந்தான். குளிர்காலத்துக்கு முன்பு உடைந்த ஓடுகளை மாற்றி ஆணி அடித்துக்கொண்டிருந்தான். கீழே தயானி நிமிர்ந்து பார்த்து, "மாமா, இன்னொண்ணு! மாமா, இன்னொண்ணு!" என்று கத்தி, ஒவ்வொரு அடிக்கும் கை தட்டினாள். சலேத்தி கம்பியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கூடையில் போட்டுவிட்டுக் வேலிக்கதவு வரை வந்தாள். கதவைத் திறக்கவில்லை. கறுப்புக் கம்பளிச் சட்டைக்குள் அவள் பாதியாக இளைத்திருந்தாள்.

கூரையில் சுத்தியல் நின்றது.

"அன்னைக்கு கொட்டகைக்குப் பின்னாடி சுட்டது நீங்கதானே," என்றாள். நாற்பத்தாறு நாளில் முதல் பேச்சு. "பரீட்சை பண்ணிப் பாத்தீங்களா?"

"ஆமாம்மா."

"கண்டுபிடிச்சீங்களா? என்ன கோளாறுன்னு?"

ஒலீவியோ வாயைத் திறந்தார். அவள் தலைக்கு மேலே, கூரை விளிம்பில், ஜாந்திரின் இரண்டு பூட்ஸுகள் தெரிந்தன. முகம் தெரியவில்லை. பூட்ஸுகள் அசையவில்லை. அவன் இப்போது இறங்கி வருவான் என்று ஒரு கணம் நினைத்தார். இறங்கி வந்து, அப்பா வேண்டாம், நானே சொல்றேன் என்பான். அவர் காத்திருந்தார். குழந்தை, "மாமா, இன்னொண்ணு," என்றது.

"குண்டுக்குள்ள காத்து இருந்துச்சு," என்றார். "எடை பாக்காம விட்டுட்டேன்."

சலேத்தி தலையை அசைத்தாள். கோபம் வரும் என்று நினைத்தார், வரவில்லை. ரொம்ப நாளாகத் தெரிந்துகொள்ள நினைத்த ஒன்றைத் தெரிந்துகொண்டவள் போல இருந்தாள்.

"எடை பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு குண்டுக்கா?"

"ஒரு குண்டுக்கு."

"அரை நிமிஷம்."

"அரை நிமிஷம்," என்று அவளும் சொன்னாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, துணியைக் கூடையிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். வீட்டுக் கதவு சாத்திய பிறகு கூரையில் மறுபடி ஆணி அடிக்கும் சத்தம் ஆரம்பித்தது.

ஜூலை பிறந்தது, அங்கே அதுதான் நடுக்குளிர்காலம்; பனி கடுமையாக இறங்கியது. ஒருநாள் காலை ஜாந்திர் தன் துணிமணிகளை ஒரு சாக்கில் கட்டினான். "அங்கேயே இருந்துக்கறேன்பா. அவளுக்கும் ஒரு தொணை," என்றான். ஒலீவியோ சரி என்றார். அவன் கட்டில் வாசற்படியில் சிக்கிக்கொண்டு வெளியே வர மறுத்தது. ஒலீவியோ எழுந்து போய் அதன் மறுமுனையைப் பிடித்து, சாய்த்து, வண்டியில் ஏற்றிக் கொடுத்தார்.