தண்ணீருக்குள் ஏழு படி

எங்கள் தெருத் தையல்காரிக்கு ‘அங்குலம்’ என்றுதான் பெயர். அவள் எடுத்த அளவு தப்பாது. தப்பினாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

நகரத்தின் நடுவில் குடியிருக்கும் நாத்தனார், தன் மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்க ஆள் தேடுகிறாள் என்று தெரிந்ததிலிருந்து அங்குலத்துக்குத் தூக்கமில்லை. தாய்மாமன் பெண்டாட்டி தையல்காரியாக இருக்க, துணி வேறு கடைக்குப் போனால் தெருவில் தலைகாட்ட முடியுமா? நாங்கள்தான் விட்டுவைப்போமா? நாத்தனாரை விருந்துக்கு அழைத்தாள். வந்தவள் சாப்பிட்டு முடித்து, இந்தப் புறநகரில் பார்க்க என்னதான் இருக்கிறது என்று கேட்டுவைத்தாள்.

அங்குலத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கோயில் குளத்தைப் பற்றி எடுத்துவிட்டாள். ராஜா காலத்துக் கல், பக்கத்துக்கு இருபத்தேழு படி, போன கோடையில் தூர்வார இறங்கியபோது தானே எண்ணியது என்றாள்.

மாலையில் போனார்கள். நாத்தனார் கோபுரத்தைக் கும்பிடுவதற்கு முன்பே படியை எண்ணத் தொடங்கி, நீர் விளிம்பில் நின்று திரும்பினாள்.

“இருபதுதான் இருக்கு. படியையே எண்ணத் தெரியலை, நீயா என் பொண்ணுக்கு அளவெடுப்பே?”

“மீதி தண்ணிக்குள்ள இருக்கு அண்ணி.”

“தண்ணிக்குள்ள நூறுகூட இருக்கும். யார் கண்டா?”

கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அங்குலம் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்தாள். அதில்லாமல் அவள் சாமி கும்பிடக்கூட வருவதில்லை. ஒரு படியின் உயரத்தை நாத்தனாரையே பார்த்துச் சொல்லச் சொன்னாள். எட்டு அங்குலம். பிறகு நாடாவின் நுனியில் வீட்டுச் சாவிக்கொத்தைக் கட்டி, கடைசிப் படியையும் தாண்டிக் குளத்துக்குள் நீண்டிருந்த பக்கச் சுவரின் முனையிலிருந்து இறக்கினாள். தூர்வாரிய குளம், சாவி கல்லில் போய்த் தட்டியது. நீர்மட்டத்தை நகத்தால் பிடித்து, நாடாவை இழுத்து நீட்டினாள்.

ஐம்பத்தாறு.

நாத்தனார் உதட்டை அசைத்து வகுத்தாள். ஏழு வந்தது. இருபதோடு கூட்டிப் பார்த்தவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை.

“சாவி துருப்பிடிச்சிடும், துடை” என்றாள் கடைசியில்.

திரும்பி ஏறும்போதே மகளைக் கைபேசியில் கூப்பிட்டாள். உன் மாமா வீட்டுக் குளத்துக்கு இருபத்தேழு படி, அத்தனையும் ராஜா காலத்துக் கல், ஞாயிற்றுக்கிழமை ரவிக்கைத் துணியோடு வந்து சேர் என்றாள். குளம் எப்போது அவள் தம்பி சொத்தானது என்று அங்குலம் கேட்கவில்லை. ஈர நாடாவைப் பிழிந்து கழுத்தில் போட்டுக்கொண்டாள். புடவை முன்னும் பின்னும் நனைந்தது. குறுக்குச் சந்து இருந்தும், எங்கள் எல்லார் வாசலையும் கடந்து, சுற்றுவழியாகத்தான் வீட்டுக்குப் போனாள்.